பதினான்காம் பக்கம்

என் அம்மா வேதநாயகி 2006 ஆகஸ்ட் மாதம் இறந்தாள். வயது ஐம்பத்தெட்டு. சிறுநீரகம் பழுதாகியிருந்தது. அடக்கம் முடிந்த பத்தாம் நாள் அடுகோடி வீட்டில் அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மேலே துணிகள். நடுவில் அப்பாவின் சுரங்க அடையாள வில்லை. அடியில் பழைய பாவாடைத் துணியில் சுற்றிய ஒரு பொருள்.

பிரித்தேன். கொசு மேட் போடும் சின்ன மின்கருவி. 1995 ஜனவரியில் நான் வாங்கியது. மேட் இன்னும் அதில் செருகியே இருந்தது.

அந்த மேட் புதிதாக இருக்கும்போது நல்ல நீலம். சூட்டில் மருந்து ஆவியாக ஆக வெளுத்துக்கொண்டே வரும். ஓர் இரவு முழுக்க ஓடினால் வெள்ளையாகிவிடும். இது ஓரத்தில் மட்டும் வெளுத்திருந்தது. துணிக்குள் இருட்டில் கிடந்ததால் மிச்ச நீலம் அப்படியே இருந்தது. மூன்று மணி நேரம் ஓடியிருக்கும் என்று கணக்கிட்டேன்.

அந்த மூன்று மணி நேரத்தில் பன்னிரண்டு வீட்டின் பிழைப்பு போயிற்று. குற்றம் என்னுடையது. பழியை அம்மா பதினோரு வருடம் சுமந்தாள். எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. இனி முதலிலிருந்து எழுதுகிறேன்.

நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். அப்பா பெயர் தாஸ். சுரங்கத்தில் வேலை செய்தவர். 1988இல் நுரையீரல் நோயில் போனார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்தாள். அடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறை. பகல் முழுக்க இரும்பு சீவும் சத்தம். அவள் தையல் வேலைக்குப் போனாள். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, தொழிற்சாலைகளுக்கு வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன்.

1991இல் அம்மாவுக்கு வேறு வேலை கிடைத்தது. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவில் ஒரு சேவை நிறுவனம் இருந்தது. ஏழைக் கிராமத்துப் பெண்களுக்கு நிலையான பிழைப்பு ஏற்படுத்தித் தருவது அதன் வேலை. ஓஸ்வால்ட் என்பவர் நடத்தினார். அம்மா எட்டாவது வரைதான் படித்தவள். ஆனால் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசுவாள். தங்கவயலில் வளர்ந்தவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. தமிழ்நாட்டு எல்லையோரம் அத்திபெலே பக்கம் மூன்றும் தேவைப்பட்டன. ஓஸ்வால்ட் அவளை அங்கே அனுப்பினார்.

காலை ஆறு மணிக்கு ஓசூர் ரோட்டில் பஸ் ஏறுவாள். அத்திபெலேயில் இறங்கி நாலு கிலோமீட்டர் நடந்தால் ஹாலேனஹள்ளி. அவள் பையில் தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு, தையல்காரர் டேப். முதல் வருடம் முழுக்க அவள் யாருக்கும் எதையும் கற்றுத்தரவில்லை. வீடு வீடாகப் போய் உட்கார்ந்தாள். எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய், தண்ணீர் எங்கே, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டாள். பிறகு டேப்பை எடுத்து அறையை அளந்தாள். கதவின் அகலத்தையும் அளந்தாள்.

ஓஸ்வால்ட் பொறுமை இழந்தாராம். அம்மாவே சிரித்தபடி எனக்குச் சொன்னது இது.

"ஒரு வருஷமா வீட்டை அளந்துக்கினே இருக்கீங்க, வேதநாயகி. நான் ரிப்போர்ட்ல என்னன்னு எழுதறது?"

"வாசல் அகலத்தை எழுதுங்க சார்."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் வந்த யாரோ அந்த ஊருக்குத் தையல் மெஷின் கொடுத்திருந்தார்கள். ஒன்றில் கோழி அடைந்துகொண்டிருந்தது. இன்னொரு திட்டத்தில் மாடு கொடுத்தார்கள். நிலமில்லாதவர்கள் மாட்டுக்குத் தீவனத்துக்கு எங்கே போவார்கள்? வெயில் காலம் வருவதற்குள் விற்றுவிட்டார்கள். அந்த வீடுகளில் எது நுழையும், எது நிற்கும் என்று யாரும் பார்க்கவில்லை. அம்மா பார்த்தாள்.

அந்தப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பது பழைய தொழில். ஆனால் நிலமும் பெரிய வீடும் உள்ளவர்களின் தொழில். அம்மா தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பெண்களும் கல் குவாரியில் ஜல்லி உடைப்பவர்கள். ஒற்றை அறை வீடு. அதிலேயே அடுப்பு. முட்டையிலிருந்து வந்த புழு எறும்பைவிடச் சின்னது. புகை ஆகாது, குளிர் ஆகாது. அந்த அறைகளில் பிழைக்காது. ஆனால் பத்து நாள் வளர்ந்து இரண்டு முறை தோல் உரித்த புழு கொஞ்சம் தாங்கும். அம்மாவின் யோசனை இதுதான்: முதல் பத்து நாள் எல்லோருடைய புழுவும் ஒரே பொது அறையில் வளரட்டும். பிறகு பிரித்து வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். ஒரு மூங்கில் தட்டு அடுக்கு அந்த வாசல்களில் நுழையும். அவள்தான் அளந்துவிட்டாளே.

பஞ்சாயத்தின் பழைய தானியக் கிடங்கு பொது அறையானது. இளம்புழு வளர்ப்பை அங்கே சாக்கி என்பார்கள். அதனால் அது சாக்கி அறை. இலைக்கு இரண்டு ஏக்கர் மல்பெரியைக் குத்தகைக்கு எடுத்தார்கள்.

அறைக்குச் சட்டங்கள் இருந்தன. செருப்பு வெளியே. கை கால் கழுவ வேண்டும். வாசலில் தூவிய சுண்ணாம்புப் பொடியை மிதித்து உள்ளே போக வேண்டும். பூ வைத்துக்கொண்டு போகக் கூடாது. பவுடர் கூடாது. ஊதுவத்தி கூடாது. புழு வீட்டுக்கு வந்தபின் அங்கே மிளகாய் தாளிக்கவும் கூடாது. பதினெட்டு நாள் தாளிப்பில்லாத சாறும் களியும்தான். புழு தட்டில் படுத்தால் மனிதர் வாசலில் படுக்க வேண்டும்.

அந்தப் பன்னிரண்டு பேரில் தனலக்ஷ்மி கைதேர்ந்தவர். அப்போது முப்பது வயது இருக்கும். கணவர் சின்னப்பாவும் குவாரிதான். ஒரே மகள் மலர், ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். நான் ஒருநாள் அம்மாவோடு போயிருந்தபோது சின்னப்பா வாசலில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து புலம்பினார்.

"கல்யாணம் ஆன புதுசுல எனக்குக்கூட இவ்ளோ மரியாதை இல்லக்கா. புழுவுக்கு நாலு வேளை எல போடறா. எனக்கு வெறும் சாறு."

"நீயும் கூடு கட்டு சின்னப்பா. உனக்கும் போடுவா" என்றாள் அம்மா.

உள்ளே தனலக்ஷ்மி சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த ஊரில் அவர் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

1994இல் இரண்டு அறுவடை நன்றாக வந்தது. தனலக்ஷ்மி குவாரிக்குப் போவதை நிறுத்தினார். மலரை அத்திபெலேயில் ஹைஸ்கூலில் சேர்ப்பதென்று முடிவு செய்தார். அந்த ஊரில் அப்படி ஒரு வீட்டுப் பெண் ஹைஸ்கூல் போனதில்லை. மூன்றாவது அறுவடை ஜனவரியில். முதல் இரண்டிலும் ஆறு ஏழு பேர்தான் துணிந்தார்கள். இப்போது பன்னிரண்டு பேரும் சேர்ந்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் புழு. இது தேறினால் பன்னிரண்டு பேரும் குவாரியை விட்டுவிடலாம் என்று அம்மா சொன்னாள். அவள் அப்படியெல்லாம் முன்கூட்டிச் சொல்கிறவள் இல்லை.

ஒரே கவலை ஜனவரிக் குளிர். முந்தைய அறுவடைகளில் கரி அடுப்பு வைத்து, இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து பார்த்தார்கள். நான் ஒரு கருவி செய்து தருகிறேன் என்றேன்.

அம்மாவிடம் பட்டு வளர்ப்புக் கையேடு ஒன்று இருந்தது. முப்பத்திரண்டு பக்கம், கன்னடத்தில். எனக்குக் கன்னடம் பேச வரும், படிப்பது மெதுவாகத்தான். எனக்கு வேண்டியதைத் தேடினேன். பதினோராம் பக்கத்தில் ஓர் அட்டவணை இருந்தது. வெப்பம் இருபத்தேழு முதல் இருபத்தெட்டு டிகிரி. ஈரப்பதம் எண்பத்தைந்து முதல் தொண்ணூறு. குறித்துக்கொண்டேன். புத்தகத்தை மூடினேன்.

மற்றச் சட்டங்களை நான் மதித்தேன், ஆனால் நம்பவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுவேன். கை கழுவச் சொன்னால் கழுவுவேன். அதெல்லாம் கோயிலுக்குப் போவதுபோல, பெண்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட மடி ஆசாரம் என்று நினைத்தேன். எண்ணில் எழுதியது விஞ்ஞானம், வாயால் சொன்னது சம்பிரதாயம். அப்படித்தான் அப்போது என் புத்தி இருந்தது.

கருவி நன்றாக வந்தது. தகரப் பெட்டி, சென்சார், ரிலே, இரண்டு ஹீட்டர். பெட்டியின் பக்கவாட்டில் உபரியாக ஒரு பிளக் பாயின்ட் வைத்தேன். விளக்கு ஏதாவது செருகிக்கொள்ளட்டும் என்று.

கிடங்குக்குப் பின்னால் ஏரி. கொசு அதிகம். அம்மாவுக்கு முந்தைய மழைக்காலத்தில் மலேரியா வந்து இருபது நாள் படுத்திருந்தாள். இந்தப் பத்து நாளும் அவள் சாக்கி அறையிலேயே ஒரு மூலையில் பாய் போட்டுப் படுத்தாள். எனக்கு அது பொறுக்கவில்லை. அடுகோடி கடையில் அந்த மேட் கருவியை வாங்கினேன்.

ஜனவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முட்டை பொரித்து ஆறாம் நாள். கருவியைச் சரிபார்க்கப் போனேன். மாலை நாலரைக்குச் சேர்ந்தேன். அம்மாவும் பெண்களும் இலை பறிக்கத் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். சாவி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். செருப்பைக் கழற்றினேன். கை கழுவினேன். சுண்ணாம்பை மிதித்தேன். பாதரச வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். இருபத்தேழு புள்ளி இரண்டு. மிகச் சரி. எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு மேட்டைச் செருகினேன். நான் உபரியாக வைத்த அதே பிளக் பாயின்டில். சிவப்பு விளக்கு எரிந்தது. ஈரம் போகாமல் இருக்க ஜன்னல்கள் எல்லாம் தாள் ஒட்டி மூடியிருந்தன. கதவையும் சாத்திப் பூட்டினேன்.

பஸ்ஸுக்கு நடந்தேன். வழியில் அம்மா எதிரே வந்தாள். தலையில் ஈரச்சாக்கு போர்த்திய இலைக்கட்டு. கூட தனலக்ஷ்மி.

"இன்னாடா, மிஷின் எப்படிக்கீது?"

"நல்லா இருக்கும்மா. இருபத்தேழு பாயின்ட் ரெண்டு."

"கேட்டியா தனம்? பாயின்ட் ரெண்டாம்" என்று தனலக்ஷ்மியிடம் சொன்னாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

மேட்டைப் பற்றிச் சொல்லவில்லை. போய்ப் பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று விட்டேன். சொல்லியிருந்தால் அந்த இலைக்கட்டை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடியிருப்பாள். பத்து நிமிட தூரம்.

அவர்கள் வெளி அறையில் இலையைச் சுத்தம் செய்து, பொடியாக நறுக்கி, எட்டு மணி வாக்கில்தான் உள்ளே போயிருக்க வேண்டும். அம்மா முதலில் தனியாகப் போய், மற்றவர்கள் பார்ப்பதற்குள் மேட்டைப் பிடுங்கி மறைத்திருப்பாள். அது வழக்கமான உணவு நேரம்.

நடந்ததைப் புதன்கிழமை அம்மா வீட்டுக்கு வந்தபோதுதான் கேட்டேன். வந்ததும் பையை வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தாள். திங்கட்கிழமை விடியும்போது புழுக்கள் தலையைத் தூக்கி ஆட்டினவாம். பச்சையாக வாந்தி எடுத்தனவாம். உடம்பு சுருங்கி ஒவ்வொரு தட்டாக ஓய்ந்தனவாம். மத்தியானத்துக்குள் எல்லாம் போயிற்று.

"ஏம்மா?" என்று கேட்டேன்.

"ஃபார்மலின். புழு வெக்கறதுக்கு முன்னாடி கிருமி சாக மருந்தடிச்சேன் இல்ல, அறையைச் சரியா ஆற விடல. என் தப்பு."

"என் மிஷின்?"

"அது நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

எனக்கு மனசு லேசானது. அதை மறைக்கப் போவதில்லை. என் கருவி தப்பில்லை என்று லேசானது. கொசு மேட் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் மேஜை மேல் அந்தக் கையேடு கிடந்தது. காற்றுக்குப் பக்கம் புரண்டிருந்தது. பதினான்காம் பக்கம். எழுத்துக் கூட்டிப் படித்தேன். புழு அறையில் ஊதுவத்தி, கொசுவத்தி, எந்தப் பூச்சி மருந்தும் கூடாது. மிகச் சிறிய அளவு பட்டாலும் புழு மாண்டுவிடும். மாளும்போது தலையைத் தூக்கும், வாந்தி எடுக்கும், உடல் சுருங்கும்.

பட்டுப்புழுவும் பூச்சிதான். ஒரு நிமிடம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும்.

மேலும், ஃபார்மலின் வாடை மிச்சமிருந்திருந்தால் புழு முதல் நாளே துவண்டிருக்கும். ஆறு நாள் நன்றாக இருந்திருக்காது. அது எனக்கு அன்றே புரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். அவள் வேண்டுமென்றே ஒரு பொய்யைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

அவளிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவள் சமையல் செய்துகொண்டிருந்தாள். இரண்டடி தூரம். புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்தேன்.

ஊரில் நடந்ததை நான் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு பேரையும் கிடங்கு வாசலில் உட்காரவைத்து, தன் தப்பு என்று அம்மா சொன்னாளாம். சிலர் அழுதார்கள். சிலர் விதி என்றார்கள். தனலக்ஷ்மி மட்டும் எழுந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டாராம். இது பல வருடம் கழித்து அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டபோது பிதற்றலில் வந்தது. "எங்க வீட்ல தாளிக்கக்கூட வுடலியே. நீ ஆற வுட்டியா?"

கல் உடைத்த பெண்கள் அந்த அறுவடைக்காக குவாரியில் தங்கள் இடத்தை விட்டிருந்தார்கள். திரும்பிப் போனபோது சிலரைத்தான் சேர்த்துக்கொண்டார்கள். குத்தகை இலை நிலத்தைச் சொந்தக்காரர் திரும்ப எடுத்து நீலகிரித் தைல மரம் நட்டார். மறுபடி முயலலாம் என்று அம்மா வீடு வீடாகப் போனாள். "பேடக்கா" என்றார்கள். வேண்டாம் என்று கன்னடத்தில் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது என்று அர்த்தம். மலர் ஹைஸ்கூல் போகவில்லை. மூன்று வருடம் கழித்து, வயதைக் கூட்டிச் சொல்லி, ஓசூர் ரோட்டில் ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியில் சேர்ந்தாள்.

அம்மாவை ஓஸ்வால்ட் ரிச்சர்ட்ஸ் டவுன் ஆபீசுக்கே மாற்றினார். தையல் வகுப்புப் பெண்களுக்குத் துணி வெட்டிக் கொடுக்கும் வேலை. பத்து வருடம் அதைச் செய்தாள். கத்தரிக்கோலும் அந்த டேப்பும். வியாழக்கிழமைகளில் மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டு அத்திபெலே போவாள். இரண்டு மூன்று வீடுகளில் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஆடு வாங்க, விதவை உதவித்தொகைக்கு எழுத, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக என்று ஏதாவது செய்தாள். பன்னிரண்டு பேரில் ஒருவரான ராதா, அம்மா சொல்லி ஆடு வளர்த்து நன்றாக வந்தார். தனலக்ஷ்மி வீட்டுக்குப் போனாளா என்று நான் கேட்டதில்லை.

எனக்குக் கல்யாணம் ஆயிற்று. வேலையில் உயர்ந்தேன். 2001இல் அவளுக்கு ஒரு கட்டில் வாங்கிக் கொடுத்தேன், ஒரு நல்ல கொசுவலையும். வலையைப் பிரித்துக் கட்டும்போது அவள் கையை நான் பார்க்கவில்லை, என் கையை அவள் பார்க்கவில்லை. எங்களுக்குள் அந்தப் பேச்சு வர வாய்ப்பிருந்த எல்லா நேரங்களிலும் யாராவது ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவது வழக்கமாயிற்று.

அவள் எதற்காக மறைத்தாள் என்று நிறைய யோசித்திருக்கிறேன். மகனைக் காப்பாற்ற என்பது ஒன்று. இன்னொன்றும் இருக்கலாம். சாவி வைக்கும் இடத்தை எனக்குக் காட்டியவள் அவள். எனவே தன் தப்புதான் என்று உண்மையிலேயே நினைத்திருக்கலாம். இப்போது கேட்க முடியாது.

அடக்கத்துக்கு ஓஸ்வால்ட் வந்திருந்தார். தளர்ந்திருந்தார். கல்லறைத் தோட்ட வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"உங்கம்மா மருந்தடிச்ச அறையை மூணு நாள் ஆற விடுவாங்க, நாலாம் நாள் மோந்து பார்ப்பாங்க. அவங்க அந்தத் தப்பு பண்ணுவாங்கன்னு நான் நம்பவே இல்ல, நோயல். ஆனா கைப்பட எழுதிக் குடுத்துட்டாங்க. நான் இன்னா பண்றது?"

நான் தலையை ஆட்டினேன். அப்போதும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்துப் பெட்டியில் அந்தத் துணிச்சுற்றைப் பார்த்த பிறகுதான் என்னால் இருக்க முடியவில்லை. அவள் அதைத் தூக்கி எறிந்திருக்கலாம். ஏரி பின்னாலேயே இருந்தது. மகன் வாங்கிக் கொடுத்தது என்று வைத்திருந்தாளா, என்றாவது நானாகக் கேட்பேன் என்று வைத்திருந்தாளா, தெரியவில்லை.

செப்டம்பரில் ஹாலேனஹள்ளிக்குப் போனேன். நீலகிரி மரங்கள் இல்லை. நிலம் முழுக்க வீட்டு மனைக் கற்கள், மஞ்சள் பெயின்ட் அடித்து. கிடங்கு இடிந்திருந்தது. தனலக்ஷ்மி வீடு அதே வீடு. தலை நரைத்திருந்தது. ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாராம். வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னேன். துணியை மடிப்பதை நிறுத்தவில்லை.

"அம்மா தவறிட்டாங்க" என்றேன்.

"கேள்விப்பட்டேன். நான் வரல" என்றார்.

பையிலிருந்து கருவியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சாவி, பிளக் பாயின்ட், ரோட்டில் எதிரே வந்தது, பதினான்காம் பக்கம். அதிக நேரம் ஆகவில்லை. பதினோரு வருடத்தைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்தான் பிடித்தது.

அவர் கருவியைத் தொடவில்லை. மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு ரோட்ல வெச்சு, பாயின்ட் ரெண்டுன்னு சொன்னியே. அப்ப இது உள்ள எரிஞ்சிட்டிருந்துச்சா?"

"ஆமாக்கா."

"மலரு கல்யாணத்துக்கு உங்கம்மா வந்தாங்க. நான் கூப்பிடல, தெரிஞ்சு வந்தாங்க. ஒரு குடம் வாங்கிக்கினு வந்து இதோ இங்கதான் நின்னாங்க. உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை நான் சொல்லல. கொடத்த இங்கயே வெச்சிட்டுப் போயிட்டாங்க."

அவர் குரல் உயரவில்லை.

"இப்ப எதுக்குத் தம்பி வந்து சொல்றே? உன் பாரம் எறங்கிருச்சு. அவங்க இருக்கும்போது சொல்லியிருந்தா நான் போயி ஒரு கை புடிச்சிருப்பேன். இனிமே நான் இன்னா செய்யட்டும்?"

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். நான் அங்கே புதிதாக இன்னொரு கெடுதல் செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. மகளின் படிப்பு போனதற்கு ஒருத்தியைக் கோபித்துக்கொள்ளவாவது அவருக்கு முடிந்திருந்தது. அதையும் பிடுங்கி, அந்த இடத்தில் வாசலில் நின்ற அம்மாவை வைத்துவிட்டேன்.

புறப்படத் திரும்பியபோது அவர் கருவியைக் காட்டினார்.

"இத எடுத்துக்கோ. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அது என் வேலை இல்ல. பன்னெண்டு பேரையும் உக்கார வெச்சு உங்கம்மா பொய் சொன்னாங்க இல்ல? நீ பன்னெண்டு வீட்டுக்கும் நடந்து போயி நெஜத்தச் சொல்லு. ஒரே எடத்துல கூட்டி வெச்சுச் சொல்லாதே. வீட்டுக்கு வீடு போ. அவங்க அப்படித்தான் போவாங்க."

அன்றே ஆரம்பித்தேன். பன்னிரண்டில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகளிடம் சொன்னேன். ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள், அதைக் குடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒருவர் காது கேட்காமல், நான் ஏதோ கடன் திட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்தேன் என்று நினைத்து வேண்டாம் என்றார். மூன்று முறை சொல்லிப் புரியவைத்தேன். புரிந்ததும், "பாவம் அந்த அக்கா" என்றார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. மூன்று ஞாயிறு ஆயிற்று. எல்லோருக்கும் சொல்லியாயிற்று, ஒருவரைத் தவிர.

ராதாவைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மனை விற்பனைக்காக வீடு போனபின் ஆடுகளை விற்றுவிட்டு, மகளோடு ஓசூர் பக்கம் போனார் என்கிறார்கள். தளி என்ற ஊர் என்று ஒருவர் சொன்னார். அங்கே தேடினேன். இல்லை. இடது புருவத்தில் கல் தெறித்த தழும்பு இருக்கும். இப்போது ஐம்பது வயது இருக்கலாம். அவருக்குப் படிக்கத் தெரியாது. இதைப் படிக்கும் யாருக்காவது அவரைத் தெரிந்திருந்தால், ஹாலேனஹள்ளி சாக்கி அறையில் வேதநாயகி அக்கா எந்தத் தப்பும் செய்யவில்லை, அறையை நன்றாகத்தான் ஆறவிட்டிருந்தாள், விஷத்தைச் செருகியது அவள் மகன் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.